பதினோராவது பொருத்தம்

என் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, என் வியாதியை யாரிடமும் மறைக்கக் கூடாது என்பதுதான். எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, வைத்தியம் பார்த்தேன், இப்போது தினமும் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வருகிறேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமே என்று இரண்டு இடம் தட்டிப்போனது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவதாக வந்தது மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். பையனுக்கு அப்பா இல்லை; மாரடைப்பு என்று தரகர் சொல்லியிருந்தார். ஜாதகம் பொருந்தியது, பிள்ளைகளுக்கும் பிடித்துப்போனது. நாள் குறிக்கலாம் என்று பையனின் அம்மாவும் தாய்மாமனும் ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காபியைக் கையில் வாங்கியதும் அந்த அம்மா கேட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க ரத்தம் என்ன குரூப்புங்க?"

"ஏ பாசிட்டிவ். என் பொண்ணுக்கும் அதேதான்."

அவர் முகம் வாடிவிட்டது. "ஏ குரூப்காரங்களுக்கு இந்த வியாதி அதிகமா வருதுன்னு போன்ல படிச்சேங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று, இது என்ன பதினோராவது பொருத்தம்?

"நானும் படிச்சிருக்கேங்க. எங்க டாக்டர்கிட்டயே கேட்டேன். தொடர்பு இருக்கலாம்னு சில பேர் சொல்றாங்களாம், இல்லைன்னு சில பேர் சொல்றாங்களாம். அப்படியே இருந்தாலும், குரூப்பை வெச்சு ஒருத்தருக்கு வரும் வராதுன்னு சொல்ல முடியாதுன்னுட்டார். இந்தத் தெருவுல ஏ குரூப் எத்தனையோ பேர் இருக்காங்க, எல்லாருக்குமா வந்துச்சு? இதுக்குப் பயந்து நிக்கிற கல்யாணம் நின்னே போகட்டும்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். மகள் அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கண் கலங்க என் பின்னாலேயே வந்தார்.

"உங்க பொண்ணைச் சொல்லலைங்க. எங்க வீட்டுக்காரருக்கு மாரடைப்பு இல்லை. உங்களுக்கு வந்த வியாதிதான். அவரும் ஏ பாசிட்டிவ், பையனும் ஏ பாசிட்டிவ். அவனுக்கு லேசா காய்ச்சல் அடிச்சாலே எனக்குத் தூக்கம் போயிடுது. நீங்க மறைக்காம சொன்னப்புறம் என்னால மறைக்க முடியலைங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்காக என் கணவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருப்பது போல் தோன்றியது. பயந்துவிட்டேன். எங்களைத் தட்டிக்கழித்த அந்த இரண்டு வீட்டாருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் நீ சொன்னதெல்லாம் எனக்கு மட்டுந்தானாம்மா? அவருக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு வாங்க சம்பந்தி," என்றேன். "நாள் பார்க்கலாம்."