முறுக்கிப் போட்ட பெல்ட்

காலை ஆறு மணி இருபது நிமிடம். ஏரிக்கரையில் நின்றிருந்த எனக்கு முதலில் தெரிந்தது படகின் பின்பக்கம். அது சிறிதாகிக்கொண்டே போயிருக்க வேண்டும். பெரிதாகிக்கொண்டு வந்தது.

படகை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். ஏரியின் நடுவைப் பார்த்தபடி, சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்ஜின் சீராக ஓடியது. புகை நேராக மேலே போயிற்று. திசை ஒன்றுதான் தவறு. மூங்கில் கழியால் இருபது கஜம் உள்ளே தள்ளிவிட்ட படகு, அந்த இருபது கஜத்தையும் பின்னோக்கி வந்து கரையின் கல் அடுக்கில் இடித்து நின்றது.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ட்ரைவரு மூஞ்ச இந்தாண்ட திருப்பிக்கினு குந்துனா நேராப் போற மாதிரி இருக்கும்," என்றாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பதினோரு மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து பெரிய என்ஜினீயர் வருவதாக இருந்தது.

அது வேறெங்கோ கால்வாயில் ஓடி ஓய்ந்த பிறகு உத்திரமேரூர் ஏரிக்கு வந்த அரசாங்க இலாகாவின் படகு. ஐப்பசி, கார்த்திகையில் கரை இளகிவிட்டால் மாட்டு வண்டி போகாது. கரை உடைப்பை அடைக்க மணல் மூட்டை, பனங்கட்டை எதுவானாலும் மதகுக்கு மதகு படகில்தான் கொண்டுபோக வேண்டும். முந்தைய மழைக்காலத்தின் நடுவில் அதன் பெட்ரோல் என்ஜின் நின்றுபோனது. கியர் பெட்டியின் பற்களும் உடைந்திருந்தன. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. ஓடாத படகுக்கு ஓட்டுநர் எதற்கு என்று கேள்வி வந்தது. பெரிய என்ஜினீயர் நேரில் பார்ப்பார். ஓடினால் வைத்துக்கொள்வது, ஓடாவிட்டால் படகை ஏலம் விட்டு, ஓட்டுநர் வேலையையும் எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

மாமா அந்த வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் காவாந்தண்டலத்தில் ஒரு பெரிய வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டினார். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் நிலம் யாருக்கும் இருந்ததில்லை. வேலை போனால் திரும்பவும் அந்த வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதை அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா சொன்னாள். கடிதத்தில் அதை மட்டும்தான் எழுதியிருந்தாள். நான் அப்போது சென்னையில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவன். நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தேன்.

புதிய என்ஜின் உண்மையில் புதியதல்ல. கிணற்றில் நீர் இறைக்கும் ஒற்றை சிலிண்டர் ஆயில் என்ஜின். இலாகாவின் ஓவர்சியர் எங்கோ சொல்லி வாங்கிக் கொடுத்தார். அதைப் படகில் பொருத்தியவர் கடைவீதி அரிசி மில்லின் மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும், தாலுகாவில் அவர் கைபடாத பம்ப் செட் குறைவு. கியர் பெட்டிக்குப் பதிலாக மில்லில் இருப்பதுபோலவே ஒரு தோல் பெல்ட் போட்டார். என்ஜினிலிருந்து வரும் பெல்ட், நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியின் தண்டைச் சுழற்றும். தண்டில் பெல்ட் ஓடும் இரண்டு புல்லிச் சக்கரங்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒன்று தண்டோடு சேர்ந்து சுற்றும், மற்றது சும்மா சுற்றும். படகை நிறுத்த வேண்டுமானால் ஒரு கட்டையால் பெல்ட்டைச் சும்மா சுற்றும் புல்லிக்குத் தள்ளிவிட்டால் போதும். அவருக்கு அதில் பெருமை இருந்தது.

இடித்து நின்ற படகில் மெக்கானிக் குனிந்து என்ஜினைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்ஜினின் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார்.

"தப்பு என்மேலதான் ட்ரைவரே. கெணத்தாண்ட வெக்கிற மாதிரியே வெச்சுட்டேன்."

கிணற்று மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சில நேரம் அது எதிர்த்து உதறும், சுற்றுகிற ஆளையே தூக்கி எறியும். அதனால் கைப்பிடி எப்போதும் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி என்ஜினை வைப்பார்கள். விழுந்தாலும் தரையில் விழலாம். முப்பது வருஷம் அப்படி வைத்த கை, படகிலும் தண்ணீருக்கு முதுகு காட்டி வைத்துவிட்டது. படகின் பின்முனைக்கு அப்பால் தண்ணீர். ஆகவே கைப்பிடி முன்பக்கம் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறார். பழைய என்ஜினின் கைப்பிடி பின்பக்கம் பார்த்திருந்தது. என்ஜின் திரும்பி உட்கார்ந்ததால் விசிறியும் மாறிச் சுற்றியது.

"படகுல நாலாண்டயும் தண்ணி தானய்யா," என்றார் மாமா.

"இப்பதான் பார்க்கறேன்."

என்ஜினைத் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டேன். அடிமரத்தில் துளையிட்டு எட்டு போல்ட் முடுக்கியிருந்தது. அவிழ்த்துத் தூக்கி வைக்க எட்டு ஆளும் ஒரு முழு நாளும் வேண்டும் என்றார். பிறகு அவரே, "எதுக்குத் தூக்கணும்? பெல்ட்ட முறுக்கிப் போட்டா போச்சு," என்றார்.

மில்லில் அதுவும் வழக்கம்தான். பெல்ட்டை நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, எட்டு என்ற எண்ணைப்போலப் போட்டால் எதிர்ப்பக்கச் சக்கரம் மாறிச் சுற்றும். கரையில் நின்றிருந்த அக்கா இதைக் கேட்டதும் கும்பிட்டாள். படகுக்குச் சக்கரம் இல்லாததால் முன்முனைக்குக் கீழே தண்ணீரில் எலுமிச்சம்பழம் போட்டிருந்தாள். அது நசுங்காமல் மிதந்துகொண்டிருந்தது. இறங்கிப்போய் அதை எடுத்துவந்து முந்தானையில் துடைத்து வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் பெல்ட்டை அவிழ்த்து முறுக்கி மாட்டினார். இரண்டு முனைகளும் சேரவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி. முறுக்கிப் போட்டால் பெல்ட் கொஞ்சம் நீளமாக வேண்டும். இரண்டு பக்கமும் மேலேற்றித் தைக்க வேண்டுமென்றால் ஒரு சாண் துண்டு தேவை. மணி ஏழு ஐம்பது. பெல்ட் விற்கும் கடை காஞ்சிபுரத்தில்தான். பஸ் பிடித்துப் போய்த் திரும்புவதற்குள் மதியம் ஆகிவிடும். மில் முதலாளி ஓடுகிற பெல்ட்டில் ஒரு விரல்கூடத் தரமாட்டார். அருகில் வண்டி நிறுத்தியிருந்த ஒருவர் மாட்டின் கழுத்துப் பட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். மெக்கானிக் அதைக் காலால் மிதித்து இழுத்தார். அது ரப்பரைப்போல நீண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு அவர் பார்வை மாமாவின் தோளில் நின்றது.

மாமா அன்று சீருடையில் இருந்தார். காக்கிச் சட்டைமேல் குறுக்கே ஒரு தோல் பட்டை. அதன் நடுவில் இலாகாவின் பெயர் பொறித்த பித்தளை வில்லை. ஊருக்குள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் 'ட்ரைவர்' என்று கூப்பிட ஆரம்பித்தது அந்தப் பட்டை வந்த பிறகுதான்.

"அது இன்னா தோலு?" என்றார் மெக்கானிக்.

மாமா பட்டையில் கை வைத்தார். கழற்ற ஆரம்பித்தார்.

"நீ இன்னாய்யா பண்ற?" என்றாள் அக்கா. "கவுர்மெண்டு பொருளு. வர்றவரு அதத்தானே மொதல்ல பார்ப்பாரு. பட்டை எங்கடான்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"படகு எங்கடான்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு நீ சொல்லு."

மாமா வில்லையைப் பிரித்து எடுத்து, பட்டையை மெக்கானிக்கிடம் நீட்டினார். நடுப்பகுதியில் ஒரு சாண் வெட்டினார்கள். அகலம் ஒரு விரல் குறைவாக இருந்தது. பரவாயில்லை என்றார் மெக்கானிக். துளையிட்டுத் தோல் வாரால் அவர் தைத்தபோது மாமா பெல்ட்டின் மறுமுனையை இழுத்துப் பிடித்திருந்தார். அக்கா வில்லையை ஓர் ஊக்கால் அவர் சட்டையில் குத்திவிட்டாள். எலுமிச்சம்பழத்தை மறுபடியும் முன்முனைக்குக் கீழே போட்டாள்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு என்ஜின் கிளம்பியது. மாமா கட்டையால் பெல்ட்டைத் தள்ளினார். முறுக்கிய இடத்தில் தோலும் தோலும் உரசி ஒரு சத்தம் எழுந்தது. படகு ஒரு கணம் நின்ற இடத்திலேயே நடுங்கியது. பிறகு எலுமிச்சம்பழத்தை ஒதுக்கிவிட்டு முன்னால் போனது. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் முன்பு பேசியவள், "இப்ப மூஞ்சி சரியாத்தான் கீது," என்றாள். அக்கா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் யாரும் நாஷ்டா சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தூக்கில் கொண்டுவந்த கூழைத் திறந்தாள். நான் குடித்தேன். நன்றாக இருந்தது.

ஜீப் பதினொன்று பத்துக்கு வந்தது. பெரிய என்ஜினீயர் மெலிந்த மனிதர், அதிகம் பேசவில்லை. கடைசி மதகு வரை போய்வர வேண்டும் என்றார். ஓவர்சியரும் மெக்கானிக்கும் ஏறிக்கொண்டார்கள். இடம் இருந்ததால் நானும் ஏறினேன். மூன்றாவது மதகு தாண்டியதும் என்ஜினீயர் குனிந்து பார்த்தார்.

"பெல்ட்டை ஏன் முறுக்கியிருக்கிறீர்கள்?"

"நேராப் போறதுக்குங்க, சார்," என்றார் மெக்கானிக்.

என்ஜினீயர் பெல்ட்டின் போக்கை விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்துத் தலையசைத்தார். நிமிர்ந்தபோது மாமாவின் சட்டையில் ஊக்கில் தொங்கிய வில்லையைக் கண்டார்.

"உன் பட்டை எங்கே?"

"படகுலதாங்க கீது, சார்."

என்ஜினீயர் பெல்ட்டின் தையலை மறுபடி குனிந்து பார்த்தார். ஓவர்சியர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு கடைசி மதகில் நின்றது, திரும்பியது, கரைக்கு வந்தது. மாமா சரியான இடத்தில் பெல்ட்டைத் தள்ளினார். படகு கல் அடுக்கைத் தொடாமல் ஒரு முழம் முன்னால் நின்றது. ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து என்ஜினீயர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். படகு பணிக்குத் தகுதியானது, ஓட்டுநர் தொடரலாம்.

ஜீப் கண்ணை விட்டு மறைகிறவரை மாமா அட்டென்ஷனில் நின்றார். பிறகு ஏரியில் இறங்கி, சீருடையோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டார். எழுந்து வர அரை மணி ஆயிற்று. மெக்கானிக் கரையில் படுத்துத் தூங்கிவிட்டார். அக்கா அவர் முகத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டாள்.

மறுநாள் சென்னைக்குக் கிளம்புமுன் புதிய தோல் பட்டை கேட்டு மாமாவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'பணியின்போது உராய்வினால் தேய்ந்தது' என்று எழுதினேன். பட்டை அடுத்த வருஷம் ஆடியில் வந்தது.