ஆடி மாதத்து வீட்டுக்காறி

வினாகிரி மணமும் மஞ்சள் தண்ணீர் மணமும் ஒன்றாகக் கலந்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள் அவுஸ்திரேலியாவில், இந்த மெல்பேணில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஐயா வாங்கிய வீட்டின் குசினியில், நாங்கள் பால் காய்ச்சிய காலையில் எழுந்த மணம் அது.

ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடியிருந்த ஒரு குறுக்குத் தெருவில் அந்த வீடு இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கட்டிய ஆறு வீடுகள் ஒரே ஓட்டுக்கூரையின் கீழே ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர், நாலாம் வீட்டில் ஒருவர் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து "கர்த்தர் காக்க" என்று குரல் வரும். ஐயா கடைத்தெருவில் சின்னதாக ஒரு புடவைக்கடை வைத்திருந்தார். கொக்குவிலில் இரண்டு அறை வாடகை வீட்டில் ஐயா, அம்மா, பிள்ளைகள் நாலு பேர் என்று நாங்கள் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு படுத்த காலம். வீடு பார்க்கப் போன அன்றே அந்தத் தெருச்சனம் முழுவதும் வெளியே வந்து, எந்த ஓடு ஒழுகும், எந்தக் கதவு மழைக்கு இறுகும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். ஒழுகுகிற ஓட்டைக் காட்டி விற்கிற சனத்திடம் பயமில்லாமல் வாங்கலாம் என்று ஐயா அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

விற்றவர் டொறத்தி மிசி. தெருவில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். புருஷன் செத்துப்போனார், ஒரே மகன் மெல்பேணுக்குப் போய்விட்டான், அவரையும் வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தான். கப்பல் ஆடி மாதக் கடைசியில். அங்கேதான் சிக்கல் வந்தது. ஆடியில் யாரும் குடிபுக மாட்டார்கள். ஆவணி வரை பொறுத்தாலும் ஐயாவின் சாதகப்படி நல்ல நாள் கிடையாது. ஐயாவின் தமக்கை, எங்கள் மாமி, பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: ஆனி முடிய இரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டு வருவோம், மிசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படித்தான் இன்னொருவர் சமைத்துக்கொண்டிருந்த குசினியில் நாங்கள் பால் பொங்கினோம். மாமி இரண்டு வாளி மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், அடுப்புக்குச் சந்தனம் தடவினார், வினாகிரி ஊற்றிச் சமைத்த மிசியின் இறைச்சிச் சட்டிகளை ஒரு தடியால் தள்ளித் தள்ளி முற்றத்துக்குக் கொண்டுபோனார். மிசி வாசலில் நின்று பார்த்துக்கொண்டு, "என்ர கலியாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தனம் பூசேல்லை, அடுப்புக்குப் பூசுறியள்" என்றார். மாமியே சிரித்துவிட்டார்.

ஆனால் பொங்கிவிட்டு எல்லாரும் திரும்பிப் போக முடியாது. "பால் பொங்கின வீட்டைப் பொழுதுபட வெறுமையா விடக்கூடாது, எங்கட ஆள் ஒண்டு படுக்கவேணும், விளக்கு வைக்கவேணும்" என்றார் மாமி. அம்மாவுக்குக் கைக்குழந்தை, தம்பிமாருக்குப் பள்ளிக்கூடம். எனக்கும்தான் பள்ளிக்கூடம் இருந்தது, அதை யாரும் நினைக்கவில்லை. ஐயா என் பாயையும் தலையணையையும் முன்னறையில் கொண்டுவந்து வைத்தார். "நீதான் இந்த வீட்டுக்குக் குடிவந்தவள். மிசி போன உடனே நாங்கள் எல்லாரும் வந்திடுவம்" என்று மாமி என் தலையைத் தடவினார். நான் அழவில்லை. அழுகிற ஆள் நான் இல்லை.

ஆடி மாதம் முழுவதும் அங்கே இருந்தேன். காலையில் ஐயா கடைக்குப் போகிற வழியில் சைக்கிளில் வந்து, அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் தந்துவிட்டு, காலை நிலத்தில் ஊன்றியபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பிறகு அடுத்த காலை வரைக்கும் எங்கள் ஆட்கள் யாருமில்லை. தெருவில் இருந்தவர்கள் நல்லவர்கள், அதை நான் மறுக்கவில்லை. கேக் துண்டு வரும், பூனைக்குட்டி விளையாட வரும். "வீட்டுக்காறி, என்ன யோசனை? மிசிக்கு வாடகை கூட்டப்போறியோ?" என்று பக்கத்து வீட்டு றோசலின் அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்துப் பகிடி பண்ணுவார். நான் சிரிப்பேன். எல்லாருடனும் சிரித்துவிட்டு உள்ளே வந்து, விளக்கு வைத்துவிட்டு, பாயில் இருந்துகொண்டு அம்மாவின் குரல் எப்படி என்று நினைத்துப் பார்ப்பேன். பத்து நாளில் அது சரியாக வராமல் போய்விட்டது.

மிசிக்கு நான் இருந்தது பிடித்துப்போயிற்று. பெட்டி கட்டுகிறேன் என்று தொடங்குவார், என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப்போட்டுக் கதைக்க இருந்துவிடுவார். ஒரு பின்னேரம், மகனின் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, அங்க மகன் காலமை போனால் இருண்டாப் பிறகுதானாம் வாறவன். கதைக்க ஒரு சனமும் இல்லையாம். நான் போகாமல் இந்தப் பின்னறையில கிடக்கட்டே? வாடகை தருவன். எனக்குக் கேக்க வெக்கமாக் கிடக்கு, நீ ஐயாட்டைக் கேட்டுச் சொல்லு."

"ஓம்" என்றேன்.

மறுநாள் காலை ஐயா வந்தார். சாப்பாட்டைத் தந்தார். கேள்வி என் வாயில்தான் இருந்தது. ஆனால் மிசி போன உடனே வருவோம் என்றல்லவா மாமி சொல்லியிருந்தார். மிசி போகாவிட்டால் அம்மா வரமாட்டா, நான் இந்த விளக்கோடு இங்கேயே இருக்கவேண்டியதுதான் என்று என் சின்னப் புத்தி கணக்குப் போட்டது. ஐயா சைக்கிளை மிதித்துத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

"ஐயா இடமில்லையெண்டு சொன்னவர்" என்றேன்.

மிசி, "ஓம், அது சரிதானே. நீங்கள் பிள்ளையளும் நாலு பேர்" என்று சொல்லிவிட்டு எழும்பிப்போய், அன்றைக்கே பெட்டியைக் கட்டி முடித்தார். ஐயாவிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லையென்ற மனுசனைத் திரும்பக் கேட்கிற ஆள் அவரும் இல்லை. புறப்படுகிற அன்று தெரு முழுவதும் வாசலில் நிற்க, முன்கதவின் பூட்டுத் திறப்பை ஐயாவிடம் கொடுக்காமல் என் கையில் வைத்து, "வீட்டுக்காறி, போட்டு வாறன்" என்றார். அன்று பின்னேரமே அம்மா வந்துவிட்டா. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் திரிந்தேன்.

அடுத்த மாசியில் மெல்பேணிலிருந்து இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தது. றோசலின் அக்காதான் எங்கள் குசினியில் இருந்து அதை வாசித்துத் தமிழில் சொன்னார். வீடு சின்னது, வந்திறங்கியபோது குளிர், மகன் நல்லவன் என்றெல்லாம் இருந்தது. கடைசியில், பின்னறை தர முடியாமற்போனதுக்கு ஐயா மனம் வருந்தவேண்டாம், தனக்குக் கோபமில்லை என்று எழுதியிருந்தார்.

"எந்தப் பின்னறை?" என்றார் ஐயா. பிறகு என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. "எழுது பிள்ளை" என்று றோசலின் அக்காவிடம் சொன்னார். "அறை சும்மாதான் கிடக்குது. எப்ப வந்தாலும் வரலாமெண்டு எழுது."

பதில் வரவில்லை. ஐயா இருந்தவரை அந்தப் பின்னறையில் ஒரு சாமானும் போட விடவில்லை.

ஐயா போய், றோசலின் அக்காவும் கப்பலேறி, சண்டைக் காலத்தில் அந்த ஆறு வீடுகளும் ஓட்டோடு தரையாகிவிட்டன. நான் மெல்பேணின் நோபல் பார்க்குக்கு வந்து ஆறு வருடமாகிறது. இங்கே என் மகன் வாங்கியதும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுதான். பக்கத்து வீட்டுக் கார் வரும், கராஜ் கதவு மேலே போகும், கார் உள்ளே போகும், கதவு கீழே வரும். அதை ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகனும் மருமகளும் விடிய முன் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி இதை எழுத எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

மிசி ஏன் பதில் போடவில்லை என்று இந்த ஆறு வருடத்தில் பல விதமாக யோசித்துவிட்டேன். செத்துப்போயிருக்கலாம். மகன் கடிதத்தைக் காட்டாமல் விட்டிருக்கலாம். எப்படியாயினும், வெட்கத்தை விட்டு ஒரு சின்னப் பிள்ளையிடமாவது அவர் கேட்டார். ஊருக்குத் திரும்பிப் போய் இருக்கட்டோ என்று நான் மகனிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அவன் மறுக்கமாட்டான். "எந்த வீட்டுக்கு அம்மா?" என்றுதான் கேட்பான்.