விமலா சித்தி சரிபார்த்தது

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே அப்பாவும் நானும் பேருந்து நிலையத்தில் சித்திக்காகக் காத்திருந்தோம். அவர் வந்த பேருந்து செஞ்சி அருகே லாரியில் மோதிவிட்டதாக அப்பாவுக்கு போன் வந்தது. சித்தி பிழைக்கவில்லை.

சென்னை மருந்து ஆய்வகத்தில் சித்தியோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் அவருடைய அக்கா மகள், பதினொன்றாம் வகுப்பு. பக்கத்து அறையில் அப்பா தூங்குகிறார். விழித்துக்கொண்டால் இதைக் கிழித்துவிடுவார்.

பொழுது சாய்வதற்குள் சித்தி டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார் என்று நீங்கள் கேலி செய்வதை அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்கள் சமணர்கள். இருட்டிய பின் சாப்பிடுவதில்லை, தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. எலியின் செல்லில் மருந்து வளர்க்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று அப்பா ஒருமுறை கேட்டார். குடத்தில் துணியைக் கட்டிக்கொண்டே சித்தி சொன்னார்: “அந்த செல்லோட டி.என்.ஏ. மருந்துல மிச்சம் இருக்கானு பாக்குறதுதான் மாமா என் வேல. இங்க வடிகட்டுறோம். அங்க, வடிகட்டினது சரியானு பாக்குறேன்.” வாய் மட்டும் ஜாஸ்தி என்றார் அப்பா. ஆனாலும் அந்தப் பேச்சை நம்பித்தான், முடக்குவாதத்தில் கிடந்த அம்மாவுக்கு அதே வகை ஊசி போடச் சம்மதித்தார்.

கடைசியாக வந்தபோது சித்தியின் முகம் வாடியிருந்தது. சோதனையில் எலியின் டி.என்.ஏ. அளவுக்கு மீறிக் காட்டியதாம். எல்லோரும் மருந்தைச் சந்தேகிக்க, சித்தி மருந்தே சேர்க்காத ட்யூபைப் பார்த்திருக்கிறார். வெறும் தண்ணீர். அதிலும் காட்டியது.

“தண்ணியில எலி ஏதுடி? தப்பு என் கையில” என்றார். அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி செய்ததில் மருந்து சரியாக இருந்தது. ஒன்றுமே இல்லை என்றா அர்த்தம் என்று கேட்டேன். “கெடுதல் பண்ணாத அளவுக்குக் கம்மினு அர்த்தம்.”

இறுதிச் சடங்கன்று, எங்கள் வேங்கிக்கால் வீட்டு வாசலில், உங்களில் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊசி மருந்துல எலி டி.என்.ஏ. இருக்குனு கண்டுபிடிச்சவங்க சார்” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் பாதியைத்தான் சொன்னார்.

மறுநாளே அம்மாவின் ஊசி நின்றுவிட்டது. இனி அந்தப் பேச்சை எடுத்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அப்பா என்னிடம் சொன்னார். அம்மாவின் விரல்கள் வீங்கிவிட்டன. நேற்று சீப்பைப் பிடிக்க முடியாமல் என்னிடம் நீட்டினார்.

காரியத்துக்கு நீங்கள் வருவீர்கள். மீதியை அப்பாவிடம் சொல்லுங்கள். ஆனால் அதுவரை அம்மாவின் கை தாங்காது. விடிந்ததும் நானே சொல்லப் போகிறேன். நான் சொன்னது பொய்யில்லை என்று மட்டும் நீங்கள் வந்து சொன்னால் போதும்.

தப்பு தன்னுடையது என்று மேனேஜரிடம் சொல்லப் போனபோது சித்திக்குக் கால் நடுங்கியதாம். நடுக்கம் நிற்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நடுங்கிக்கொண்டேதான் சொன்னாராம். சித்தியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அதைத்தான்.