மாமனாரின் கண்ணில் ஒரு வெள்ளைக் கோடு

மழைக்காலத்தில் என் மோட்டார் பைக்கை நனையாமல் காப்பவர் என் மாமனார். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. காப்பது அவருடைய முகம். பேனர் அடிக்கும் ஃப்ளெக்ஸ் துணியில் பெரிதாக அச்சான முகம். ஃப்ளெக்ஸில் தண்ணீர் இறங்காது. போர்த்தும்போது பெட்ரோல் டேங்க்கின் மேல் அவருடைய நெற்றி வரும். இரண்டு கண்களையும் குறுக்கே அறுத்துக்கொண்டு நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அதனால் அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, வண்டி எடுக்க வருகிறவனிடம் எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்பது போலவே இருக்கும். பெண் கொடுத்தவரின் முகத்தை வண்டிக்குப் போர்த்துகிற மாப்பிள்ளையைப் பற்றிப் பாளையங்கோட்டைச் சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவன்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சந்தேகப்படுவதிலிருந்து மட்டும் ஓய்வு பெறாதவர். பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகே உள்ளே அனுப்புவார். காய்கறிக் கடையில் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பிரசங்கம் சீக்கிரம் முடிந்தால் போதகருக்கு வேறெங்கோ விருந்து இருக்கிறது என்பார். நான் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தவன். அங்கே விற்றதைவிடப் படித்தது அதிகம். கடையை மூடியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வேலை போனதும் மனைவியோடு அவர் வீட்டு மாடியில் குடியேறினேன். கீழே அவர் பல காலம் டியூஷன் எடுத்த முன்னறையில் பேனர் அடிக்கப்போகிறேன் என்றும் அறிவித்தேன். பால்காரரும் போதகரும் அன்றிலிருந்து தப்பித்தார்கள். அவருடைய சந்தேகம் முழுவதும் வீட்டோடு மாப்பிள்ளையிடம் வந்து சேர்ந்தது.

பிரிண்டர் பழையது. முக்கூடலில் பேனர் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியிடம் வாங்கியது. வேனிலிருந்து அந்த நீளமான இயந்திரத்தை இறக்கியதை மாமனார் சவப்பெட்டி இறங்குவதைப் பார்ப்பதுபோல நின்று பார்த்தார். முதல் நாள் அது அருமையாக ஓடியது. மறுநாள் காலை, படம் முழுவதும் குறுக்கே வெள்ளைக் கோடுகள். மையைப் பீய்ச்சும் ஹெட்டில் ஊசிமுனையைவிடச் சிறிய துளைகள் இருக்கின்றன. சிலது அடைத்துக்கொண்டால் அந்த இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். ஹெட்டைக் கழுவிக் கழுவி ஓட்டினால் மதியத்துக்குள் கோடு மறையும். அடுத்த நாள் காலை திரும்ப வந்துவிடும், ஏதோ பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டதுபோல.

சோதனைக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. “ஊரான் மூஞ்சி எப்படியிருக்கும்னு நமக்கென்ன தெரியும்? என் மூஞ்சிய அடிங்க மாப்ளே. தப்பு இருந்தா நான் சொல்லுதேன்” என்று மாமனார், தான் பணி ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தைக் கொடுத்தார். ஆக, தினமும் காலையில் அவரை அடித்தோம். எப்போதும் ஒரு கோடு சரியாகக் கண்ணில் விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் கண்ணைத் தானே உற்றுப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்ப்பார்.

சபையில் அசனம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வருடாந்திர விருந்து அது. அதற்கான பேனரை என் மாப்பிள்ளை அடிப்பார் என்று மாமனார், தன் சுபாவத்துக்கு விரோதமாக, அங்கே வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த நம்பிக்கைக்கு எல்லை கட்டினார். “போதகர் மூஞ்சியில ஒத்தக் கோடு விழுந்தாலும் மிஷினு முக்கூடலுக்குத் திரும்பிரணும். முன்னறையில நான் மறுபடியும் டியூஷன் ஆரம்பிச்சிருவேன்.” இயந்திரம் திரும்பிப் போனால் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, மாடியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற மாப்பிள்ளையாகவே காலம் தள்ள வேண்டியதுதான்.

அதன்பின் அந்த வீட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. நல்ல ஹெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு பழுதானதை மாட்டிவிட்டார் அண்ணாச்சி என்பது என் முடிவு. மாமனார் மை பாட்டில்களில் பென்சிலால் அளவுக்கோடு போட்டு வைத்தார். மையை யார் திருடிக் குடிக்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சியை வரவழைத்தபோது அவர் முதலில் மையை முகர்ந்தார்.

“என்ன மை வே ஊத்துதீரு? எங்கிட்ட இருந்தவரைக்கும் மணி மாதிரி ஓடுச்சு.”

“நீங்க சொன்ன மைதான்.”

“அப்ப காத்துல தூசி.”

“உங்க ஊர்ல காத்தே கிடையாதோ?” என்று மாமனார் குறுக்கே புகுந்தார். அண்ணாச்சி அவரை அளந்து பார்த்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார். “சார், ராத்திரி இதுக்குக் கரண்ட நிப்பாட்டுதீங்களா? நிப்பாட்டவே கூடாது. சும்மா நிக்கும்போதும் அது அப்பப்ப கொஞ்சம் மையத் துப்பி ஹெட்ட ஈரமா வச்சிருக்கும். நின்னா காஞ்சிரும்.”

“இங்க ஒருத்தரும் அதைத் தொடுதது இல்ல” என்றார் மாமனார், பள்ளி ஆய்வாளருக்குப் பதில் சொல்லும் குரலில். நானும் தலையாட்டினேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி தட்டை வைத்தாள். “அப்பாதான ராத்திரி ஜெபம் முடிச்சதும் முன்னறை சுவிட்ச பூரா அணைச்சுட்டுப் படுப்பாங்க? டியூஷன் பிள்ளைய வருத காலத்துலருந்து அதான பழக்கம். விடியுமுன்ன திரும்பப் போட்டிருவாங்க.”

“இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?” என்றேன்.

“என்கிட்ட யாரு கேட்டா? நீங்க ரெண்டு பேரும் அண்ணாச்சியல்லா பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க.”

அண்ணாச்சி காபியைக் கவனமாக ஆற்ற ஆரம்பித்தார். மாமனார் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மிக அமைதியாகச் சொன்னார்: “அது அணைக்கது இல்லம்மா. வீட்டை ஒழுங்கு பண்ணுதது.”

மறுநாள் அந்தச் சுவிட்சுக்கு மேல் ‘யாரும் தொடக் கூடாது’ என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவருடைய கையெழுத்து. அன்றுமுதல் சுவிட்சுப் பக்கம் யார் போனாலும், என்னையும் சேர்த்து, அவர் கண் கூடவே போகும். போதகர் பேனரில் கோடில்லாமல் சிரித்தார். “மிஷினு பரவாயில்ல” என்று அசனப் பந்தியில் மாமனார் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. டியூஷன் பேச்சு அதன்பின் எழவில்லை. ராத்திரி சுவிட்சை அணைத்தது வெறும் பழக்கம்தானா, அல்லது என்னை முன்னறையிலிருந்து கிளப்பும் வேலையா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. பழக்கம் என்று பகலில் நம்புவேன்.

அவர் இறந்தபோது அடக்க ஆராதனைக்கான பேனரை அதே இயந்திரத்தில், அதே படத்தை வைத்து அடித்தேன். ஒரு கோடு இல்லை. என் வாழ்நாளில் நான் அடித்த மிகச் சுத்தமான அச்சு அதுதான். வாசலில் கட்டியதும் வந்தவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். முகச்சாடை வரலையே என்றார் ஒருவர். என் மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழுகைக்கு நடுவே சொன்னாள்: “அப்பா யாரையோ நம்பிட்ட மாதிரில்லா இருக்காங்க.”

அந்த நல்ல பேனரை மடித்துப் பரணில் வைத்துவிட்டோம். கழித்துப்போட்ட அச்சுகளின் கட்டிலிருந்து கோடு விழுந்த பழைய துணியைத் தேடி எடுத்தவளும் அவள்தான். அதில்தான் அவர் இருக்கிறார். இன்றும் மேகம் கறுத்ததும் வண்டியைப் போர்த்திவிட்டு உள்ளே வந்தேன். அந்தக் காகிதம் இன்னும் சுவரில் இருக்கிறது. இருந்தாலும் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். தொட்டுவிட்டு, வாசலில் வண்டி நிற்கும் பக்கம் திரும்பியும் பார்த்துக்கொண்டேன்.