எல்லைக்கல்லிலிருந்து நாற்பதடி

பழைய வரைபடங்களைத் தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுபதுகளின் கடைசியில் ஒரு கல்லூரியின் தொல்லியல் துறையில் அவற்றைப் பிரதி எடுப்பதுதான் என் வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் வெயிலில் சங்கிலி பிடித்து அளந்தவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

கீழக்குயில்குடிப் பக்கத்து வயல்களில் ஒரு பழைய கோட்டைச் சுவர் ஓடியதாக வரைபடம் சொன்னது. மேலே ஒன்றும் தெரியவில்லை. மண்ணில் இரும்புக் கம்பிகளை அடித்து, மின்சாரம் செலுத்தி, அடியில் சுவர் இருக்கிறதா என்று ஒரு கருவியில் பார்த்தோம். மூன்று வயல்களில் வரைபடமும் கருவியும் அச்சு அசலாகப் பொருந்தின.

நான்காவது வயலில் மானம் போயிற்று. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நாற்பதடியில் சுவர் என்றது வரைபடம். முப்பதடியிலேயே கருவியின் முள் எகிறியது. தோண்டினால் அங்கேயே செங்கல். கூட வந்தவர்கள் என்னைக் கிண்டலடித்தார்கள். நான் விடவில்லை. வரைபடத்தில் குறித்திருந்த அடுத்த வயல் கிணற்றிலிருந்து அளந்து பார்த்தேன். வரைபடம் சரி. கல்தான் அந்தப் பக்கமாகப் பத்தடி நகர்ந்திருந்தது.

அதைச் சத்தம் போட்டுச் சொல்ல வாயெடுத்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கத்து நிலத்துக்காரம்மா தண்ணீர்ச் செம்போடு அருகில் வந்தார். கணவரை இழந்தவர். காலையிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது அவர்தான்.

"சார், கல்லை நகட்டுனது எங்க வீட்டுக்காரரு. அங்கிட்டு எங்க அண்ணன் நெலம். வார தையில அவரு மகனுக்குத்தான் என் மகளைக் கட்டிக் குடுக்குறேன். இப்பப் போயி இது வெளிய வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

நான் அளவு நாடாவைச் சுருட்டினேன்.

அதற்குள் அண்ணனே வந்துவிட்டார். பத்தடி இடிக்கிறதாமே, வரைபடம்தான் தப்போ என்று கேட்டார். வரைந்தவன் தப்பாக வரைந்துவிட்டான் என்றேன். என்றோ செத்துப்போன அந்த வரைபடக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அறிக்கையில் கல்லைக் குறிப்பிடாமல், கிணற்றிலிருந்து எடுத்த அளவை மட்டும் எழுதினேன்.

தையில் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். பந்தியில் அண்ணன் என் இலைக்கு எதிரே குனிந்து சாம்பார் ஊற்றினார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்:

"கல்லு நகந்த அன்னைக்கே எனக்குத் தெரியும் சார். தங்கச்சி வீட்டுச் சோத்துக்குத்தானே போகுதுன்னு விட்டுட்டேன். எனக்கு முன்னாடியே தெரியும்னு அவளுக்குத் தெரியாது; அவ முன்னாடி நீங்க சொல்லிருவீகளோன்னுதான் அன்னைக்கு ஓடியாந்தேன்."