சிவப்புப் படம் மாட்டிய வீடு

1958 பங்குனி. ஆம்பூரில் அங்கங்கே அம்மை போட்டிருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் பேக்கிங் பார்க்கும் அரங்கநாதனுக்கு அதுவே கவலை. குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் மனோரமா, மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கப்போகிறாள். பிள்ளையைப் பிறந்த அன்று பார்த்ததோடு சரி. மனைவி போனபிறகு அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்டு வருஷம் ஒன்றாகிறது. அவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதைத் தெருவே பார்த்துச் சிரித்திருக்கிறது.

ஷாப்பில் கணக்கெழுதும் முனீர் அகமதுவின் மேஜையில் ஒரு படம் கிடந்தது. ஜப்பான் வியாபாரி கொடுத்துவிட்டுப் போனது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பழைய படம். பிதுங்கிய கண், காடாய்த் தாடி, உருவிய கத்தி, காலடியில் ஒரு குட்டிப் பேய். எல்லாமே ரத்தச் சிவப்பு.

"இன்னா பாய், ஆபீஸ்ல பேயை வச்சிருக்கே?"

"பேய் இல்ல தோஸ்த், பேயைப் புடிக்கிறவன். அம்மைப் பேய்க்குச் சிவப்புன்னா ஆகாதாம். அந்தக் காலத்துல ஜப்பான்ல, புள்ளைங்க இருக்கிற வீட்ல இதைத்தான் மாட்டுவாங்களாம்."

"நாம கட்டற வீட்டுக்குப் பூசணிக்காயில மூஞ்சி எழுதித் தொங்கவுடறோமே, அப்டியா?"

"அப்டித்தான். எடுத்துக்கினு போ. இவனைப் பார்த்தா எனக்கே சோறு எறங்கல."

ஞாயிறு காலை வாசல் நிலையில் படத்தை வைத்து ஆணி அடித்தார்.

"இன்னாண்ணா இது?" என்றாள் எதிர்வீட்டுத் தனபாக்கியம்.

"அம்மைக்கும்மா." வாயில் ஆணி, அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

வாசலில் எதையாவது செருகினால் உள்ளே அம்மை இறங்கியிருக்கிறது என்றுதான் அந்தத் தெருவுக்கு அர்த்தம். வேப்பிலைக்குப் பதில் படம், அவ்வளவுதான். தனபாக்கியம் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

மகள் அடுத்த பஸ்ஸில்தான் வருவாள் என்ற நினைப்பில் அரங்கநாதன் பால் வாங்கப் போனார். திரும்பும்போது தெருமுனையில் தனபாக்கியத்தின் புருஷன் ராஜவேலு எட்டவே நின்று சொன்னான்: "உங்க பொண்ணு வந்துச்சுண்ணா. உங்க ஊட்ல அம்மைன்னு சொல்லி எங்க ஊட்டுக்காரி திருப்பி அனுப்பிட்டா. பஸ்ஸுக்குப் போய்ட்டாங்க."

பால் செம்போடு ஓடினார். குடியாத்தம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் மனோரமா, மடியில் துணிச்சுருளாய்ப் பிள்ளை, பக்கத்தில் மாமியார்.

"வெறும் படம்மா அது. எனக்கு ஒண்ணுமில்ல."

மனோரமா எழப்போனாள். மாமியார் அவள் தோளை அழுத்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. அங்கியே நில்லுங்க. ஊரு அடங்கட்டும், நானே கூட்டியாறேன்."

மூத்த மகன் வழி முதல் பேரனை அம்மைக்குக் கொடுத்தவள் அவள். அரங்கநாதன் நின்ற இடத்திலிருந்தே கேட்டார்:

"யாரு சாடைம்மா?"

மனோரமா என்னவோ சொன்னாள். பஸ் கிளம்பிய இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்ட மாதிரி பெரிதாகத் தலையாட்டினார்.