பெயர்ப்பலகை இல்லாத கதவுகள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு எதிரே இருந்த புல்வெளியில் கதவுகள் மட்டும் நின்றன. சுவரில்லை, கூரையில்லை. நிலையோடு சிமெண்டில் ஊன்றிய பழைய பலகைக் கதவுகள். ஒன்றில் நீலச் சாயம் உரிந்து அடியிலிருந்த பச்சை தெரிந்தது. இன்னொன்றின் நிலையில் யாரோ எப்போதோ பூசிய மஞ்சள் மழையில் வெளுத்திருந்தது. முதல்நாள் அவற்றில் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். தட்டிய பிறகுதான் வெட்கமாக இருந்தது.

அவற்றை அங்கே நிறுத்தியவர் என் பெரியம்மா மகள். சிற்பம் படித்தவர். செமிலிங் ஊர்ப்பக்கம் அக்கா பிறந்த ரப்பர் தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடிக்க இயந்திரம் வந்தபோது எல்லாரும் அலமாரியையும் சாமிப் படங்களையும் லாரியில் ஏற்ற, அக்கா கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னாளில் பல்கலைக்கழகம் வளாகத்தில் கலைப்படைப்பு வைக்க அழைத்தது. பெயர்ப்பலகை வைக்கவும் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டார்.

"எம் பேரப் போட்டா என் கதவாயிடும். இது அவங்கவங்க வீட்டுக் கதவு."

வளாகத்துக் கலைப்படைப்புகளை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் முதுகலை ஆய்வு. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கேட்பேன். பலர் படம் எடுத்தார்கள். சிலர் தாழ்ப்பாளில் ஹெல்மெட்டை மாட்டினார்கள். ஒரு பெண் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து என்னிடம், "வீடு எங்க, அக்கா? கதவு மட்டுந்தான் இருக்கு லா," என்றாள். அதை அக்காவிடம் சொன்னேன். "அவ ஒருத்தி பாத்துட்டா, போதும்," என்றார்.

விடுமுறை நாட்களில் பழைய தோட்டத்துக்காரர்களும் வருவார்கள். அக்காவின் அண்டை வீட்டில் இருந்த மாமா, இப்போது பெண்டாங்கில் மகனோடு இருப்பவர், தன் கதவைத் திறந்து பேரப்பிள்ளைகளை உள்ளே அனுப்புவார். அந்தப் பக்கமும் புல்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகச் சொல்வார்.

ஒரு பருவ விடுமுறை முடிந்து திரும்பினால் கதவுகளைக் காணோம். சிமெண்டு இருந்த இடத்தில் புதுப் புல் ஒட்டியிருந்தார்கள். அக்காவோடு பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கடுமையானவர் இல்லை. எழுந்து நாற்காலி போட்டார். கரையான் பிடித்து ஒரு கதவு சாய்ந்ததாம், மாணவர் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகும் என்றார். கட்டடக் குப்பையோடு லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

"யாரையாவது கேட்டீங்களா?" என்று அக்கா மலாயில் கேட்டார்.

"யாரைக் கேட்பது? பெயர் எதுவும் இல்லையே," என்றார் அவர்.

அக்கா எழுந்துகொண்டார். வெளியே வந்ததும் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அதன்பிறகு அவர் சிற்பம் எதுவும் செய்யவில்லை. இப்போது அலோர் ஸ்டாரில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை. நான் ஆய்வேட்டில் 'நிற்கின்றன' என்று எழுதிய இடங்களையெல்லாம் 'நின்றன' என்று திருத்திக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன்.

போன பள்ளி விடுமுறையில் நான் அக்காவைப் பார்க்கக் கடைக்குப் போயிருந்தபோது அவருக்கு மாமா போன் செய்தார். வெகுநாள் கழித்துப் பேரப்பிள்ளைகளோடு வந்து புல்வெளியில் நிற்கிறாராம்.

"எடம் மாத்திட்டாங்களாம்மா? ஒண்ணையும் காணோமே."

அக்கா என்னைப் பார்த்தார். "மழையில நனையுதுன்னு உள்ள எடுத்து வச்சிருக்காங்க மாமா."

"அப்படியா? நல்லதும்மா. எப்பத் திரும்ப வெப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு. நாங்க இங்கயே ஒக்காந்திருக்கோம்."